தீவன ஆலையில் முதலில் எதை மாற்றுவது: புதுச் சேர்க்கைகளையா, பழைய இயந்திரங்களையா?

வினா: ஆலை மேலாளர்

அனைவருக்கும் வணக்கம். மணிக்கு 10 டன் திறனுள்ள நடுத்தரக் கலப்புத் தீவன ஆலை ஒன்றின் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். பெரும்பகுதி கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்குமான தீவனம். எஞ்சியது கறவை மாடுகளுக்கான குச்சித் தீவனம் (தூளை அழுத்திக் குச்சியாக்கிய பெல்லட்). எல்லாமே ஒரே கலவை இயந்திரத்தின் வழியாகத்தான் போகிறது. ஆலை தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த இரண்டாண்டுகளுக்குள் ஓரளவு முதலீடு செய்ய நிர்வாகம் இசைந்திருக்கிறது. எதில் செய்வது என்ற பரிந்துரையை நான் எழுதித் தர வேண்டும்.

வெப்பத்தைத் தாங்கும் நொதிகள், புரதத்தைக் குறைத்து அமினோ அமிலங்களால் ஈடுகட்டும் ஃபார்முலாக்கள், மூலப்பொருளின் சத்தை அகச்சிவப்பு ஒளியால் அளந்து அரை நிமிடத்தில் சொல்லிவிடும் என்.ஐ.ஆர். கருவிகள், பூச்சிப் புரதம், மாடுகள் வெளியேற்றும் மீத்தேனைக் குறைக்கும் சேர்க்கைப் பொருள்கள் என்று வாரந்தோறும் ஒரு புதுமையைப் பற்றிப் படிக்கிறேன். ஒவ்வொன்றையும் விற்க வருபவர், அதுவே இத்துறையின் எதிர்காலம் என்கிறார். உலகில் ஆண்டுக்கு 130 கோடி டன்னுக்கு மேல் கலப்புத் தீவனம் உற்பத்தியாகிறது. அவ்வளவு பெரிய தொழிலில் இவை அனைத்துக்கும் இடம் இருக்கக்கூடும். ஆனால் எங்களைப் போன்ற ஓர் ஆலைக்கு எவை பொருந்தும் என்று பிரித்தறிய எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கறிக்கோழிக் குச்சித் தீவனத்துக்கு, தூளைக் குச்சியாக அழுத்துமுன் நீராவியால் சூடாக்கும் நீராவிப் பதப்படுத்தியில் இப்போது 75 டிகிரி செல்சியஸ் வைக்கிறோம். சால்மோனெல்லா என்ற கிருமி இல்லாத தீவனம் வேண்டும் என்று கேட்கும் பண்ணைகள், வெப்பத்தை 85 டிகிரிக்கு மேல் உயர்த்தச் சொல்கின்றன. குச்சி உதிராமல் உறுதியாக இருப்பதற்கும் அதுவே நல்லது என்கிறார் இயந்திரம் விற்பவர். நொதி விற்பவரோ, 85 டிகிரியைத் தாண்டினால் தம் பொருளுக்குப் பொறுப்பேற்க முடியாது என்கிறார். இருவரும் எங்கள் ஆலையிலேயே, ஒரே மேசையில் அமர்ந்து இதைச் சொன்னார்கள். யார் சொல்வதை ஏற்பது? பட்டறிவு உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆலைப் பொறியாளர்

ஐயா, வணக்கம். உங்கள் பட்டியலில் இருப்பவற்றுள் நொதியும் அமினோ அமிலமும் மீத்தேன் தடுப்பானும் டன்னுக்குக் கிராம் கணக்கிலோ சில கிலோ கணக்கிலோ சேர்க்கப்படுபவை. ஆகவே அவற்றைப் பற்றிப் பேசுமுன், உங்கள் கலவை இயந்திரத்தால் கிராம் கணக்கில் இட்ட பொருளை ஒரு டன் முழுவதும் பரப்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தானியத்தில் பிணைந்திருக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் பைட்டேஸ் நொதியை, கிராமுக்கு 5000 அலகு செயல்திறன் கொண்டதாக எடுத்து, கிலோ தீவனத்துக்கு 500 அலகு என்ற அளவில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் ஒரு டன்னுக்கு 100 கிராம்தான் வருகிறது. முதல் நாள் குஞ்சு உண்பது ஏறத்தாழ 15 கிராம் தீவனம். அந்தப் பதினைந்து கிராமுக்குள் ஒன்றரை மில்லிகிராம் நொதி இருந்தாக வேண்டும். கலவை சீராக இல்லாவிட்டால் ஒரு குஞ்சுக்கு மும்மடங்கு போகும், பக்கத்தில் நிற்கும் குஞ்சுக்கு ஒன்றுமே போகாது. டன்னுக்கு எவ்வளவு போட்டோம் என்ற பதிவேடு மட்டும் சரியாக இருக்கும்.

இதைச் சோதிப்பதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பேட்ச் கலந்து முடித்ததும் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்து மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் குளோரைடு அளவைப் பாருங்கள். சாப்பாட்டு உப்பே இதற்குப் போதுமான அடையாளப் பொருள். பத்து அளவுகளின் மாறுபாட்டுக் கெழு (சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் விழுக்காடு) 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கலவை ஏற்கத்தக்கது. 5 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நன்று. சுழலும் நாடாத் தகட்டால் கலக்கும் இருபது ஆண்டு பழைய ரிப்பன் கலவை இயந்திரத்தில் ரிப்பனின் விளிம்பு தேய்ந்து, தொட்டியின் அடிப்பகுதிக்கும் அதற்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கும். உற்பத்தியை உயர்த்த வேண்டும் என்று தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பியிருப்பார்கள். ரிப்பனின் மேல்விளிம்பு தீவனத்துக்குள் மூழ்கிவிட்டால் மேலடுக்கு கலவாமல் அப்படியே மிதக்கும். உலர் பொருள்கள் ஒன்று கலப்பதற்கு முன்பே எண்ணெயைத் தெளித்தால் கட்டி தட்டும். இவற்றில் எதையும் புதிய மென்பொருளால் சரிசெய்ய முடியாது.

வெப்பத்துக்கு வருகிறேன். நீராவி தீவனத் தூளின் மீது படிந்து நீராகும்போது தன் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஆகவே வெப்பத்தை உயர்த்தும்போதெல்லாம் ஈரப்பதமும் உயரும். தோராயமாக, தூளின் வெப்பம் 14 டிகிரி உயர்ந்தால் ஈரப்பதம் ஒரு விழுக்காடு கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் உள்ளே வரும் தூளை 85 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 4 விழுக்காடு ஈரம் சேரும். மூலப்பொருள் 12 விழுக்காட்டில் இருந்தால் 16 விழுக்காட்டில் டைக்குள், அதாவது தூளை அழுத்திக் குச்சியாக்கும் துளைத் தகட்டுக்குள் போகும். அது நல்ல நிலை. மக்காச்சோளம் 14 விழுக்காட்டு ஈரத்தோடு வந்திருந்தாலோ, குழாயில் நீர் தங்கி நீராவி ஈரமாக வந்தாலோ 18 விழுக்காட்டைத் தொட்டுவிடும். அப்போது ரோலர் வழுக்கும், டை அடைத்துக்கொள்ளும், இயக்குபவர் நீராவி வால்வைக் குறைத்துவிடுவார். நீங்கள் 75 டிகிரியிலேயே நிற்பதற்கு இதுதான் உண்மைக் காரணமாக இருக்கக்கூடும். நீராவிப் பொறிகளும், நீரைப் பிரித்து வெளியேற்றும் அமைப்பும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

டிகிரியை மட்டும் சொல்வதால் பயனில்லை. எத்தனை நொடி அந்த வெப்பத்தில் இருந்தது என்பதும் சேர வேண்டும். பழைய பதப்படுத்திகளில் தூள் அரை நிமிடத்துக்கும் குறைவாகவே தங்குகிறது. துடுப்புகளின் சாய்வை மாற்றியோ, இரண்டாவது உருளை ஒன்றைச் சேர்த்தோ சில நிமிடங்கள் தங்க வைத்தால், வெப்பத்தை வெகுவாக உயர்த்தாமலே நுண்ணுயிர்க் கட்டுப்பாடு மேம்படும். டையிலும் உராய்வால் வெப்பம் மேலும் சில டிகிரி கூடுகிறது; தடித்த டையில் அது அதிகம். பதப்படுத்தியின் வெப்பமானி 82 காட்டினாலும் டையைவிட்டு வரும் குச்சி 90-ஐ நெருங்கியிருக்கலாம். நொதிக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிய அந்த இரண்டாவது எண்ணும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சால்மோனெல்லா பதப்படுத்தியில் செத்தாலும் கூலரில் மீண்டும் வந்துசேரும். சூடான குச்சியைக் குளிர்விக்கப் பெருமளவு காற்று உள்ளிழுக்கப்படுகிறது. அந்தக் காற்று மூலப்பொருள் கொட்டும் இடத்தின் தூசியைக் கொண்டுவந்தால், கூலரின் உட்சுவரில் படியும் ஈரத்தில் கிருமி நிம்மதியாகப் பெருகும். 90 டிகிரியில் பதப்படுத்தி, கூலருக்கு அழுக்குக் காற்றைக் கொடுக்கும் ஆலையைவிட, 82 டிகிரியில் பதப்படுத்தி வடிகட்டிய காற்றைக் கொடுக்கும் ஆலையே பாதுகாப்பானது என்பது என் துணிபு. ஆகவே என் பரிந்துரை வரிசை: கலவை, நீராவி, கூலர். மற்றவை அதன் பிறகு.

மறுமொழி 2: ஊட்டச்சத்து ஆலோசகர்

பொறியாளர் ஐயா கூறியவற்றில் பிழை காண்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய வரிசையை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஃபார்முலாவில் செய்யும் மாற்றத்துக்கு முதலீடு தேவையில்லை, இயந்திரத்தை மாற்றுவதற்குத் தேவை. அதோடு, இத்துறையில் கடந்த எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்த பெருமாற்றங்கள் பலவும் ஃபார்முலாவின் வழியாகவே வந்திருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

நேரியல் திட்டமிடல் என்ற கணித முறை 1940-களின் இறுதியில் உருவானது. சில ஆண்டுகளிலேயே அது குறைந்த செலவில் கறவைத் தீவனம் வகுக்கும் கணக்குக்குப் பயன்படுத்தப்பட்டது. இன்று எந்த ஆலையின் ஃபார்முலா மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அதன் வழித்தோன்றலே. 1950-களில் ஜப்பானில் குளூட்டாமிக் அமிலத்தைச் சுரக்கும் ஒரு பாக்டீரியம் கண்டறியப்பட்டது. அதே இனத்தைக் கொண்டு லைசின் என்ற அமினோ அமிலத்தையும் நொதித்தல் முறையில் பெருமளவில் தயாரிக்க முடிந்தது. மெத்தியோனின் வேதித் தொகுப்பின் மூலம் கிடைத்தது. பிறகு திரியோனின், டிரிப்டோஃபான், வேலின் என்று வரிசை நீண்டது. இவை கைக்கு வந்த பிறகு, ஒரே ஒரு அமினோ அமிலத்தின் குறையை நிரப்புவதற்காகச் சோயாப் புண்ணாக்கை அள்ளிப் போட வேண்டிய தேவை குறைந்தது. தீவனத்தின் கச்சாப் புரதத்தை ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறைத்து அமினோ அமிலங்களைச் சமன் செய்தால், எச்சத்தில் வெளியேறும் நைட்ரஜன் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. கொட்டகையின் அமோனியா நெடி தணிவதையும் படுக்கை உலர்வாக இருப்பதையும் பண்ணைக்காரரே கண்கூடாகக் காண்பார்.

பைட்டேஸ் 1991-இல் நெதர்லாந்தில் வணிகப் பொருளாக வந்தது. தானியங்களிலும் புண்ணாக்குகளிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டாகப் பிணைந்திருக்கிறது. கோழியாலும் பன்றியாலும் அதைச் சரிவரப் பிரித்துக்கொள்ள முடியாது. நொதி அதை விடுவிப்பதால், பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டைக் குறைத்துவிடலாம். மண்ணிலும் நீரிலும் சேரும் பாஸ்பரஸும் குறையும்.

இதிலிருந்துதான் நான் வலியுறுத்த விரும்புவது தொடங்குகிறது. பழைய ஃபார்முலாக்களில் எல்லாச் சத்தும் தேவைக்கு மேல் சற்றுத் தாராளமாகவே இருந்தது. புரதம் கூடுதல், பாஸ்பரஸ் கூடுதல், போதாக்குறைக்குச் சிறிதளவு நுண்ணுயிர் எதிர்ப்பியும் உண்டு. கலவையில் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் மூலப்பொருள் சற்று மட்டமாக வந்தாலும் அந்தத் தாராளம் அதை மூடிவிடும். இப்போது வரும் புதுமைகள் ஒவ்வொன்றும் அந்தத் தாராளத்தின் ஒரு பகுதியை அகற்றுகின்றன. லாபமும் சுற்றுச்சூழல் நன்மையும் அந்த அகற்றலிலிருந்தே கிடைக்கின்றன. பைட்டேஸை நம்பி டைகால்சியம் பாஸ்பேட்டைக் குறைத்துவிட்டு, நொதி டையில் வெந்துபோனால் கோழிக்குக் கால் வலுவிழக்கும். நொதியே சேர்க்காத பழைய தீவனத்தில் இந்த ஆபத்து இல்லை. எனவே புதுச் சேர்க்கையும் பழைய இயந்திரமும் தனித்தனிக் கேள்விகளாக இருக்க முடியாது. எவ்வளவு தாராளத்தைக் குறைக்கலாம் என்பதை உங்கள் ஆலையின் துல்லியமே தீர்மானிக்கும். கலவையின் மாறுபாட்டுக் கெழு 15 என்றால், நொதி நிறுவனம் தரும் சத்து மதிப்பை முழுமையாக ஃபார்முலாவில் ஏற்றாமல் பாதியை மட்டும் ஏற்றுங்கள். கெழு குறையக் குறைய மீதியையும் ஏற்றிக்கொள்ளலாம். இதற்காக இயந்திரம் சீராகும்வரை இரண்டாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

நுண்ணுயிர் எதிர்ப்பியைப் பற்றியும் சில வரிகள் எழுத வேண்டும். வளர்ச்சி ஊக்கியாக அதைத் தீவனத்தில் கலப்பதை ஸ்வீடன் 1986-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றாக நிறுத்தியது. அமெரிக்காவில் மருத்துவ முக்கியத்துவம் வாய்ந்த மருந்துகளை வளர்ச்சிக்காகப் பயன்படுத்துவது 2017 ஜனவரியோடு முடிவுக்கு வந்தது. சீனா 2020-இல் தடை விதித்தது. ஐரோப்பாவில் பன்றிக்குட்டிகளுக்குத் தரப்பட்ட உயர் அளவு துத்தநாக ஆக்சைடும் 2022-இல் விலக்கப்பட்டது. ஸ்வீடனில் தடை வந்த தொடக்க ஆண்டுகளில், தாய்ப்பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளிடையே கழிச்சல் பெருகியது. அதுவரை பண்ணையின் தூய்மைக் குறைவையும் தீவனத்தின் செரிமானக் குறைவையும் மருந்து மறைத்துவைத்திருந்தது என்பது அப்போது வெளிப்பட்டது. இப்போது அதன் இடத்துக்குக் கரிம அமிலங்கள், புரோபயாட்டிக்குகள், தாவரச் சாறுகள் எனப் பல வந்திருக்கின்றன. இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக நின்று பழைய மருந்தின் இடத்தை நிரப்பியதாக நான் கருதவில்லை. செரிக்காத புரதத்தைக் குறைப்பதும், மாவுபோல் மிக நுண்ணியதாக அரைக்காமல் அரைவைப்பை வேலை செய்யும் அளவுக்குச் சற்றுப் பருமனான துகள்களை விடுவதும் சேர்ந்தால்தான் குடல் நலம் நிலைக்கிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, நான் நொதி விற்பவரின் பக்கம் சற்றுச் சாய்கிறேன். 90 டிகிரியை நெருங்கும்போது குச்சி உறுதியாகும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் வைட்டமின்கள் சிதையும், லைசின் சர்க்கரையோடு பிணைந்து செரிக்காத நிலையை அடையும், கோதுமை அடிப்படையிலான தீவனத்தில் குடலின் பிசுபிசுப்பும் கூடும். உறுதியான குச்சியைத் தின்று கோழி குறைவாக வளர்ந்தால் அந்த உறுதியால் யாருக்குப் பயன்? மேற்பூச்சு இட்ட நொதி வெப்பத்தைத் தாங்கும் என்பார்கள். அப்பூச்சு குடலின் முற்பகுதியிலேயே கரைந்தால்தான் பைட்டேஸுக்கு வேலை செய்ய நேரம் இருக்கும் என்பதையும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இயல்பிலேயே வெப்பம் தாங்கும் நொதி வகைகளும் இருக்கின்றன. எதை வாங்கினாலும், கலவையிலிருந்து ஒரு மாதிரியும் குளிர்ந்த குச்சியிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து நொதிச் செயல்திறனை அளந்து பார்க்காமல் முடிவுசெய்ய வேண்டாம். முட்டைக்கோழிக்கு நீங்கள் தூள் தீவனமே தருகிறீர்கள் என்றால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை. பைட்டேஸை முழு நம்பிக்கையோடு அங்கிருந்து தொடங்கலாம்.

மறுமொழி 3: தர ஆய்வாளர்

இருவரும் ஆலைக்குள் நடப்பதைச் சொன்னார்கள். லாரி வாயிலுக்கு வரும்போது நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நச்சுதான் எங்கள் வேலையில் முதலிடம் வகிக்கிறது. கறவை மாடு அஃப்ளடாக்சின் பி1 கலந்த தீவனத்தை உண்டால், அது எம்1 ஆக மாறிப் பாலில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் கறவைத் தீவனத்துக்கு விதித்துள்ள வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அது 20. எந்த வரம்பைப் பின்பற்றினாலும் சரி, ஒரு லாரிச் சரக்கில் நச்சு சில தானிய மணிகளில் மட்டும் குவிந்திருக்கும் என்பதால், ஒரு கைப்பிடி மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பல இடங்களில், பல ஆழங்களில் குத்தி எடுத்து, ஒன்றாக அரைத்து, அதிலிருந்து மாதிரி பிரிக்க வேண்டும்.

எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் மக்காச்சோளச் சக்கையைப் புரதத்துக்காகப் பலர் சேர்க்கிறார்கள். மாவுச்சத்து சாராயமாகப் போய்விடுவதால் மணியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கையாக மிஞ்சுகிறது. அதனால் புரதம் மும்மடங்காவதைப் போலவே பூஞ்சை நச்சும் ஏறத்தாழ மும்மடங்காகிறது. விற்பவர் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்.

என்.ஐ.ஆர். கருவியைப் பற்றி மேலாளர் ஐயா கேட்டிருந்தார். ஈரம், புரதம், கொழுப்பு, நார் ஆகியவற்றுக்கு அது மிக நல்ல கருவி. ஆலோசகர் சொன்ன தாராளத்தைக் குறைப்பதற்கு, என் மதிப்பீட்டில், உங்கள் பட்டியலிலேயே முதலில் வாங்கத் தகுந்ததும் அதுவே. ஒவ்வொரு லாரிச் சோயாவும் 46 விழுக்காடு புரதம் என்று ஏட்டில் எழுதிக்கொள்வதற்கும், இந்த லாரி 44, அந்த லாரி 47 என்று அறிந்து ஃபார்முலாவைத் திருத்துவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் அதற்கு அளவீட்டுத் தரவு இல்லாத பொருளைக் கொடுத்தால் தயக்கமின்றி ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் பொய்யாக இருக்கும். ஆகவே ஈரமுறை வேதி ஆய்வோடு அவ்வப்போது ஒப்பிட்டே தீர வேண்டும். கிலோவுக்கு மைக்ரோகிராம் அளவில் இருக்கும் நச்சை அது நேரடியாகக் காணாது. நைட்ரஜனை அளந்து அதைப் புரதம் என்று எழுதும் பழக்கத்தின் விளைவை 2007-இல் உலகம் பார்த்தது: சீனாவிலிருந்து கோதுமைக் குளூட்டன் என்ற பெயரில் வந்த பொருளில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. ஆய்வில் புரதம் உயர்வாகத் தெரிந்தது. வட அமெரிக்காவில் அதைக் கொண்டு செய்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன.

உங்கள் வினாவில் என்னைத் திடுக்கிட வைத்த சொற்றொடர் ஒன்று உண்டு: எல்லாமே ஒரே கலவை இயந்திரத்தின் வழியாகப் போகிறது என்றீர்கள். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்கான மருந்தாக நிகார்பசின் சேர்க்கிறீர்களா? அடுத்த பேட்சே முட்டைக்கோழித் தீவனமாக இருந்தால், கலவையின் மூலைகளிலும் பக்கெட் எலிவேட்டரின் அடியிலும் தங்கிய எச்சம் அதற்குள் போகும். பழுப்பு ஓடு வெளுக்கும். இனப்பெருக்கக் கோழியாக இருந்தால் குஞ்சு பொரிக்கும் விகிதம் சரியும். அதே நோய்க்குத் தரப்படும் மொனென்சின் போன்ற மருந்துகள் குதிரைக்குக் கொடிய நஞ்சு. குதிரைத் தீவனம் செய்யும் ஆலைகளில் சில அந்த மருந்தைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே அனுமதிப்பதில்லை. மருந்திட்ட தீவனத்துக்குப் பின் எது வரலாம், எது வரக்கூடாது என்ற வரிசை அட்டை ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். இடையில் அரைத்த மக்காச்சோளத்தை ஓடவிட்டுக் கழுவி, அந்தச் சோளத்தைத் தனியே சேமித்து அடுத்த மருந்துத் தீவனத்திலேயே சேருங்கள். எலிவேட்டர் அடிப்பெட்டியை எளிதில் திறந்து துடைக்கும்படி மாற்றுவதற்கு ஆகும் செலவு, மற்ற எல்லாவற்றையும்விடச் சிறியது.

மறுமொழி 4: கறவை, மீன் தீவனப் பிரிவினர்

பட்டியலில் எஞ்சிய இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மீத்தேன் தடுப்பான்களில் இன்று முன்னணியில் இருப்பது 3-நைட்ரோஆக்சிபுரோபனால். அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் மீத்தேன் உருவாவதன் கடைசிப் படியை நடத்தும் நொதியை அது தடுக்கிறது. கறவை மாடுகளில் சராசரியாக 30 விழுக்காடு அளவுக்குக் குறைவு கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் இதற்கு வழிவிட்டன. செயல் நேரம் சில மணிகளே என்பதால், உண்ணும் ஒவ்வொரு கவளத்தோடும் அது வயிற்றுக்குள் போவதே சிறந்தது. முழுக் கலப்பு உணவைத் தொட்டியில் கொட்டும் பண்ணைகளுக்கு அது பொருந்தும். காலையிலும் மாலையிலும் கறவையின்போது இரண்டு கிலோ குச்சித் தீவனம் கொடுத்துவிட்டு மேய்ச்சலுக்கு விடும் பண்ணைகளுக்கு இப்போதைய வடிவில் பெரிதாக உதவாது. பால் அளவு குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்வதில்லை. ஆகவே பால் வாங்குபவரோ அரசோ அதற்கென்று தனியே ஏதாவது கொடுக்காதவரை பண்ணைக்காரர் அதை வாங்க மாட்டார். உங்கள் ஆலை இதற்காக இப்போது எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பூச்சிப் புரதத்தின் தரத்தில் குறை இல்லை. கருப்புப் படைவீரன் ஈயின் புழுவைக் கோழியும் மீனும் விரும்பி உண்ணும். ஐரோப்பாவில் 2017-இல் மீன் தீவனத்துக்கும், 2021-இல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் அனுமதி கிடைத்தது. தடை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே சட்டப்படி புழுவும் பண்ணை விலங்குதான். ஆகவே உணவகக் கழிவையோ சாணத்தையோ அதற்குக் கொடுக்க முடியாது. மாட்டின் எலும்பும் இறைச்சியும் மாட்டுக்கே தீவனமாகிப் பித்த மாட்டு நோயைப் பரப்பிய பட்டறிவுக்குப் பிறகு, இதில் தளர்வு காட்ட அங்கே யாரும் விரைய மாட்டார்கள். விளைவாக, கோழி நேரடியாகவே உண்ணக்கூடிய தவிட்டையும் தானியச் சக்கையையும் புழுவுக்குக் கொடுத்து, புழுவைக் கோழிக்குக் கொடுக்கிறோம். இடையில் ஒரு வயிறு கூடுவதால் இழப்பும் கூடுகிறது. பெரும் முதலீட்டில் தொடங்கிய பூச்சி நிறுவனங்கள் சில நொடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

புதிய மூலப்பொருள் மெய்யாகவே தேவைப்பட்ட இடம் மீன் தீவனம். நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990 வாக்கில் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து கிடைத்த பொருள். இன்று அது நான்கில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீன்தூள் உற்பத்தி உலகளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன்னிலேயே பல்லாண்டுகளாக நிற்கிறது, பெருவில் எல் நினோ வந்தால் அதுவும் விழும். 2023-இன் முதல் பருவத்தில் அங்கே நெத்திலிப் பிடிப்பே கைவிடப்பட்டது. மீன் பண்ணைத் தொழில் மட்டும் நிற்காமல் வளர்கிறது. சோயா, பாசி எண்ணெய் போன்றவை அந்த நெருக்கடியில் உள்ளே வந்தவை. கோழித் தீவனத்தில் அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை.

வினா எழுதியவர் மீண்டும்: ஆலை மேலாளர்

நால்வருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி மூன்று பேட்சுகளில் குளோரைடு சோதனை செய்தோம். மாறுபாட்டுக் கெழு 17, 14, 18 என்று வந்தது. இப்போது நான்கு நிமிடம் கலக்கிறோம். பதப்படுத்தியைத் திறந்து பார்த்ததில் இன்னொரு உண்மையும் தெரிந்தது: வெப்பமானி நீராவி நுழையும் இடத்துக்கு மிக அருகில் பொருத்தப்பட்டிருக்கிறது. வெளியேறும் தூளை ஒரு வெப்பக் குடுவையில் பிடித்து அளந்தபோது 75-க்குப் பதிலாக 68 டிகிரிதான் இருந்தது. ஆக, 85 டிகிரியா 90 டிகிரியா என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தது 68 டிகிரியில் ஓடிய ஆலையைப் பற்றி.

தர ஆய்வாளர் அம்மாவின் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். ஆம், குஞ்சுப் பருவத் தீவனத்தில் நிகார்பசின் சேர்க்கிறோம். இடையே ஒரு பேட்ச் மருந்தில்லாக் கறிக்கோழித் தீவனம் ஓட்டுவது வழக்கம்தான், ஆனால் அவசர நாள்களில் அது நடக்கிறதா என்று கேட்டபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. வரிசை அட்டையை இந்த வாரமே ஒட்டுகிறோம். என்.ஐ.ஆர். கருவிக்கான கோரிக்கையையும் பரிந்துரையில் சேர்க்கிறேன்.

கலவை நேரத்தை நான்கிலிருந்து ஆறு நிமிடமாக உயர்த்தினால் போதுமா, அல்லது இயந்திரத்தையே மாற்ற வேண்டியிருக்குமா?

மறுமொழி 5: ஆலைப் பொறியாளர்

ஐயா, இயந்திரத்தை மாற்றும் முடிவை இப்போது எடுக்க வேண்டாம். ஒரே ஃபார்முலாவை நான்கு, ஐந்து, ஆறு நிமிடங்களுக்குக் கலந்து ஒவ்வொன்றுக்கும் பத்து மாதிரிகள் எடுங்கள். நேரம் கூடக் கூடக் கெழு இறங்கினால் நேரம்தான் குறை. கலவை நேரத்தை நீட்டினால் மணிக்கு 10 டன் என்ற கணக்கு அடிபடும் என்பதை மட்டும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு நிமிடத்திலும் 15-ஐச் சுற்றியே நின்றால் நேரத்தை நீட்டுவதில் பொருளில்லை. அப்போது பேட்சின் எடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து மீண்டும் சோதியுங்கள். அதில் இறங்கினால் தொட்டி அளவுக்கு மேல் நிரம்புகிறது. அதிலும் இறங்காவிட்டால் ரிப்பன் தேய்ந்திருக்கிறது. விளிம்புத் தகட்டை மட்டும் மாற்றி, அடி இடைவெளியைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உப்பின் பருமன் சீராக இருக்கட்டும். கல்லுப்பைப் போட்டுவிட்டுக் கலவை மீது பழி போடக் கூடாது.

வெப்பமானியைப் பதப்படுத்தியின் வெளிவாய்க்கு மாற்றிய பிறகு ஒரேயடியாக 82-க்குப் போகாமல், நாளுக்கு இரண்டு மூன்று டிகிரியாக உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் மோட்டாரின் ஆம்பியரையும் டைக்குள் போகும் தூளின் ஈரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் ஊசலாடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நீராவிக் குழாயில் நீர் தங்குகிறதா என்று பாருங்கள். ஆலோசகர் கேட்ட நொதி மாதிரிகளை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். 68 டிகிரியில் எடுத்த மாதிரி நொதி விற்பவருக்கு மட்டுமே மகிழ்ச்சி தரும்.